மூன்றா நான்கா: பழைய கார் வாங்குபவர்கள் சிலிண்டர் கணக்கில் சறுக்கும் இடங்கள்

பழைய கார் பார்க்கப் போகும்போது கூட வரும் மாமாவோ நண்பரோ கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்: "மூணு சிலிண்டரா, நாலு சிலிண்டரா?" மூன்று என்றால் அவர் முகம் கொஞ்சம் சுருங்கும். நான்கு என்றால் "அப்ப சரி" என்று தலையாட்டுவார். கேள்வியில் தப்பில்லை. அந்த ஒரு பதிலோடு விசாரணையை முடித்துக்கொள்வதில்தான் பணம் போகிறது. ஓட்டும்போது வண்டி எப்படி இருக்கும் என்பதைச் சிலிண்டர் எண்ணிக்கை ஓரளவு சொல்லும். இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைச் சொல்லாது.

"மூணு சிலிண்டர் சீக்கிரம் படுத்துடும்" என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வந்து, ஒரு தலைமுறைக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாருதி 800 மூன்று சிலிண்டர் வண்டிதான், 796 சிசி. அதே அளவில் மூன்று சிலிண்டர் இன்ஜின் பிறகு ஆல்ட்டோவிலும் ஓடியது. வேகன் ஆர் கதை இன்னும் சுவாரசியம். ஆரம்பத்தில் அதில் இருந்தது 1061 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். 2010இல் புது வேகன் ஆர் வந்தபோது 998 சிசி மூன்று சிலிண்டருக்கு இறங்கினார்கள். ஆல்ட்டோ கே10, செலேரியோ ஆகியவற்றிலும் அதே இன்ஜின்தான். அதனால் வேகன் ஆரின் பெயர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டாக்ஸியாக ஓடித் தேய்ந்த வண்டிகளைக் கேட்டாலே தெரியும்.

பிறகு இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? நடுக்கத்திலிருந்து. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எரிபொருள் ஒரு முறை வெடிக்கும். இரண்டு சுற்று என்பது 720 டிகிரி. நான்கு சிலிண்டர் என்றால் 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, மூன்று என்றால் 240 டிகிரிக்கு ஒன்று. ஒரு பிஸ்டன் அதிகபட்சம் அரைச் சுற்று, அதாவது 180 டிகிரிதான் தள்ளிக்கொடுக்க முடியும். ஆகவே மூன்று சிலிண்டரில் ஒவ்வொரு வெடிப்புக்கு நடுவிலும் 60 டிகிரிக்கு யாருமே தள்ளாத ஒரு இடைவெளி விழுகிறது. 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் மூன்று சிலிண்டர் நொடிக்கு 20 முறை வெடிக்கும், நான்கு சிலிண்டர் கிட்டத்தட்ட 27 முறை. மெதுவான அந்தத் துடிப்பு ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் தெளிவாகத் தெரியும். போதாததற்கு, மூன்று பிஸ்டன்களின் ஏற்ற இறக்கம் இன்ஜினின் இரு முனைகளையும் மாறி மாறித் தூக்கி இறக்கப் பார்க்கும். இதை அடக்கச் சில கம்பெனிகள் பேலன்சர் ஷாஃப்ட் என்று அதிர்வை ஈடுகட்டும் ஒரு தண்டை வைக்கின்றன. சில, மவுண்டையும் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) ஃப்ளைவீலையும் (கிராங்க் முனையில் சுழலும் கனமான சக்கரம்) வைத்தே சமாளிக்கின்றன.

நான்கு சிலிண்டர் அப்படியொன்றும் சுத்த சைவம் இல்லை. அதற்கும் ஒரு அதிர்வு உண்டு, கிராங்க் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில். சின்ன இன்ஜினில் அது பெரிதாக உறைக்காது, அவ்வளவுதான்.

இப்போது, எனக்குத் தெரிந்து அதிகமாகப் பணம் போகும் இடத்துக்கு வருவோம். வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள், நடுங்குகிறது. விற்பவர் அலட்டிக்கொள்ளாமல் சொல்வார்: "மூணு சிலிண்டர்னா இப்படித்தான் சார் இருக்கும்." பாதி நேரம் உண்மைதான். மீதிப் பாதிக்கு இந்த ஒரு வாக்கியம் ஒரு நோயை மூடி மறைக்கிறது.

ஆரோக்கியமான மூன்று சிலிண்டரின் நடுக்கத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி நின்று, பிறகு இறங்கி நிதானமாகும். ஐட்லிங்கில் கியர் லீவர் லேசாக ஆடலாம், ஆனால் தாளம் தப்பாது. ஏசி போட்டால் ஒரு கணம் இறங்கி உடனே நிமிரும். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து 1500ஐத் தாண்டினால் பெரும்பாலான நடுக்கம் அடங்கிவிடும். அணைக்கும்போது ஒரு உதறல் இருக்கலாம், அது சகஜம்.

நோய் வேறு மாதிரி பேசும். தாளம் சீராக இல்லாமல் நடுவில் ஒன்று விட்டுப்போனால், மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது அதைத்தான். ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) என்று காரணம் சின்னதிலிருந்து பெரியது வரை எதுவாகவும் இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு இடி வந்தால் மவுண்ட் போயிருக்கக்கூடும். முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் உதறினால் கிளட்ச் பக்கம் பாருங்கள். 80க்கு மேல் போகும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்துப் பாருங்கள். அப்போதும் ஆடினால் அது வீல் பேலன்சிங்கோ டயரோ, இன்ஜினுக்குச் சம்பந்தமில்லை.

இதில் வாங்குபவருக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. மவுண்ட் மட்டும் போன வண்டியை "மூணு சிலிண்டர், ரொம்ப ஆடுது" என்று நான்கு பேர் வேண்டாம் என்றிருப்பார்கள். மெக்கானிக் பார்த்து மவுண்ட்தான் என்று உறுதி செய்துவிட்டால், அதையே சொல்லி விலையைக் குறைக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, நான்கு சிலிண்டரின் அமைதியைப் பார்த்து மயங்குவது. மூன்றில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், குழந்தைக்கும் தெரியும். நான்கில் ஒன்று கொஞ்சம் பலவீனமானால் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும். பத்து நிமிஷ ஓட்டத்தில் அது பிடிபடாமலேயே போகலாம். ஆகவே எந்த வண்டியாக இருந்தாலும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் என்ன எண் வருகிறது என்பதோடு, எல்லாச் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்பதும் முக்கியம்.

இந்தச் சோதனை எல்லாமே குளிர்ந்த இன்ஜினில் தொடங்க வேண்டும். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். பழைய கார் விற்றுக்கொடுக்கும் கன்சல்டிங் காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்த சறுக்கல், மாடல் பெயரை வைத்தே சிலிண்டரை முடிவு செய்வது. ஃபோர்ட் ஈகோஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் நான்கு சிலிண்டர், 112 பிஎஸ் (பிஎஸ் என்பது குதிரைத்திறன் அளவு). 2017 கடைசியில் முகம் மாற்றி வந்த வண்டியில் அதே 1.5 பெட்ரோல் மூன்று சிலிண்டர், 123 பிஎஸ். ஒரு சிலிண்டர் குறைந்தும் பலம் கூடியிருக்கிறது. இவை போக 1.0 ஈகோபூஸ்ட் என்று ஒரு மூன்று சிலிண்டர் டர்போவும் (கூடுதல் காற்றை உள்ளே தள்ளிப் பலம் கூட்டும் அமைப்பு) உண்டு. ஃபோக்ஸ்வாகன் போலோவில் '1.2 பெட்ரோல்' என்று விளம்பரம் போட்டிருந்தால் அது 75 பிஎஸ் மூன்று சிலிண்டராகவும் இருக்கலாம், 105 பிஎஸ் நான்கு சிலிண்டர் டிஎஸ்ஐ என்ற டர்போவாகவும் இருக்கலாம். போலோ டீசல் 2014 வரை மூன்று, அதன் பிறகு வந்த 1.5 நான்கு. கிராண்ட் ஐ10இல் 1.2 பெட்ரோல் நான்கு, 1.1 டீசல் மூன்று. ஸ்விஃப்ட் பெட்ரோல் 2024 மே மாதம் வரை நான்கு, அப்போது வந்த புது மாடலிலிருந்து மூன்று. இரண்டுமே 1197 சிசி என்பதால் சிசியைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு ஆர்சியைப் பார்த்தால் போதும். சிலிண்டர் எண்ணிக்கைக்கென்றே அதில் ஒரு இடம் இருக்கிறது. பதிவான தேதியோடு தயாரித்த மாதத்தையும் பாருங்கள். 2018இல் பதிவான வண்டி 2017 ஸ்டாக்காக இருக்கலாம். நேரிலும் சரிபார்க்க வேண்டுமென்றால், இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜினின் மேல் மூடியை எடுத்தால் சிலிண்டருக்கு ஒன்றாக இக்னிஷன் காயில்கள் தெரியும். எண்ணிவிடலாம்.

"நாலு சிலிண்டர்னாதான் இழுக்கும்" என்பதும் அப்படித்தான். ஹூண்டாய் வென்யூவில் 1.2 நான்கு சிலிண்டர் 83 பிஎஸ், 1.0 டர்போ மூன்று சிலிண்டர் 120 பிஎஸ். இழுவையைத் தீர்மானிப்பது இங்கே டர்போ. சாதா மூன்றைச் சாதா நான்கோடும், டர்போவை டர்போவோடும் ஒப்பிட்டால்தான் அது ஒப்பீடு.

டர்போ என்று வந்துவிட்டால் ஆயில் பில்களைக் கேட்காமல் நகராதீர்கள். குறிப்பாக 1.0 ஈகோபூஸ்ட். அதன் டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைக் கிராங்கோடு இணைத்து இயக்கும் பட்டை) ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான கிரேடு ஆயில் ஊற்றினாலோ மாற்றாமல் இழுத்தடித்தாலோ பெல்ட் சிதையத் தொடங்கும், அதன் துகள் ஆயில் பாதையை அடைக்கும். அப்புறம் இன்ஜினே கேள்விக்குறிதான். ஒழுங்கான சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத ஈகோபூஸ்டை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் தொட மாட்டேன். இந்த ஆபத்து பெல்ட் வடிவமைப்பால் வருவது. மூன்று சிலிண்டர் மேல் பழி போடக் கூடாது. ஃபோர்ட் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது 2021இல். அதற்கு முன்பே, 2017 முடிவில், செவ்ரோலே விற்பனை நின்றுபோனது. செவ்ரோலேயின் பீட் பெட்ரோல் நான்கு சிலிண்டர் ஆயிற்றே என்று ஆசைப்படுபவர்கள், முதலில் தங்கள் ஊரில் ஸ்பேர்ஸ் கிடைக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

மைலேஜ் கணக்கையும் ஒரு தரம் பேனா எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். உரசும் பாகங்கள் குறைவு என்பதாலும், 1200 சிசியை 400 சிசியாக மூன்றாய்ப் பிரிக்கும்போது 300 சிசியாக நான்காய்ப் பிரிப்பதைவிட வெப்பம் சுவர் வழியே குறைவாக வீணாகும் என்பதாலும், மூன்று சிலிண்டர் கொஞ்சம் கூடுதல் மைலேஜ் தரும். ஸ்விஃப்ட் மேனுவலில் கடைசி நான்கு சிலிண்டருக்குக் கம்பெனி சொன்னது லிட்டருக்கு 22.38 கிலோமீட்டர், மூன்று சிலிண்டருக்கு 24.80. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் சுமார் 44 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 4,400 ரூபாய். இதற்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்துப் புது மாடலுக்குப் போனால், அந்தப் பணம் திரும்பி வர இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். மிச்சத்துக்காக மட்டும் மூன்று சிலிண்டரைத் தேடி ஓடத் தேவையில்லை.

டெஸ்ட் டிரைவில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. இரண்டு பேர் மட்டும் ஏறி, காலியான தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அங்கே மூன்றும் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். வீட்டில் ஐந்து பேர், அடிக்கடி ஏற்காடோ கொல்லிமலையோ போவீர்கள் என்றால், நான்கைந்து பேராக ஏறி, ஏசி போட்டு, ஒரு மேம்பாலத்தின் நடுவில் மெதுவாகி மறுபடி ஏற்றிப் பாருங்கள். டர்போ இல்லாத 1.0 மூன்று சிலிண்டர் அங்கே ஒரு கியர் இறக்கச் சொல்லும். 30 கிலோமீட்டர் வேகத்திலேயே நான்காவது கியரைப் போடும் பழக்கம் உள்ளவர் கையில் மூன்று சிலிண்டர் உதறிக்கொண்டே இருக்கும், மவுண்டும் கிளட்சும் அடி வாங்கும். அந்தப் பழக்கத்தை மாற்ற மனமில்லை என்றால் நான்கு சிலிண்டரே வாங்கிக்கொள்வது உத்தமம். தினமும் ஊருக்குள் இருபது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, நன்றாகப் பராமரித்த மூன்று சிலிண்டர் தாராளமாகப் போதும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், வண்டியின் கணினி குறித்துவைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளை (மெக்கானிக் மொழியில் 'கோடு') படிக்கும் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிஸ்ஃபயர், அதாவது 'மிஸ்ஸிங்', கோடு எந்தச் சிலிண்டரில் என்பது வரை பெரும்பாலும் காட்டிவிடும். கோடு எதுவுமே இல்லாமல், வண்டி தன்னைத்தானே சோதிக்கும் மானிட்டர்கள் மட்டும் 'இன்னும் முடியவில்லை' என்று காட்டினால், யாரோ கோடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். எதுவாக இருந்தாலும், வண்டி சில நாள் ஓடிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.