பம்ப் மேல் சந்தேகம், பழுது ரெகுலேட்டரில்

இரவெல்லாம் நின்ற கார், காலையில் பத்து நொடி சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும், கூடவே கரும்புகை. பெட்ரோல் பம்ப்தான் போய்விட்டது என்று நினைத்தேன். நல்லவேளை, புதிது வாங்கும் முன் ஃபியூவல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாய்) பிரஷர் கேஜ் மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் முள் 3 பாருக்கு ஏறியது. சரி, பம்ப் தள்ளுகிறது. ஆனால் அணைத்த இரண்டே நிமிடத்தில் 1 பாருக்கும் கீழே இறங்கிவிட்டது. அப்படியென்றால் எங்கோ கசிகிறது.

அப்புறம் ரெயிலிலேயே இருக்கும் ரெகுலேட்டரின் (பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வேக்குவம் குழாயை, அதாவது அதை இன்ஜினின் இன்டேக்கோடு (காற்று உள்ளே போகும் வழி) இணைக்கும் சிறு குழாயைக் கழற்றினேன். உள்ளே ஈரம், பெட்ரோல் வாடை. காற்று மட்டுமே இருக்க வேண்டிய இடம் அது! ஒரு சொட்டு பெட்ரோல் தெரிந்தாலும் ரெகுலேட்டருக்குள் பெட்ரோலையும் காற்றையும் பிரிக்கும் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வழியாக இன்டேக்குக்குள் கசிந்த பெட்ரோல்தான் புகையாக வந்திருக்கிறது.

பிரஷரை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ரெகுலேட்டரை மாற்றினேன். அணைத்து அரை மணி கழித்தும் முள் 2.5 பாருக்கு மேலேயே நின்றது.