கலிபியே கணவாயில் சைக்கிள்: ஏற்றத்தை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் மாதக்கணக்கில் ஏற்றத்துக்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பயணத்தைக் கெடுக்கும் தவறுகள் பெரும்பாலும் வீட்டில் வரைபடத்தை வைத்துக்கொண்டு திட்டம் போடும்போதோ, உச்சியைத் தொட்டபிறகோதான் நடக்கின்றன. எல்லாக் கணவாய்களையும் பற்றிப் பேசினால் தலை சுற்றும். பிரான்ஸில் உள்ள கலிபியே ஒன்றையே எடுத்துக்கொள்வோம். உயரம் 2,642 மீட்டர். டூர் தெ பிரான்ஸ் பந்தயம் 1911-இலிருந்து ஏறி இறங்கிவரும் பாதை.

வடக்கே மோரியன் பள்ளத்தாக்கில் சேன் மிஷெல் என்ற ஊர் சுமார் 710 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 35 கிலோமீட்டர் சொச்சம். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு அது காலைச் சாப்பாட்டுக்கு முன் முடிகிற தூரம். சராசரிச் சரிவைப் பார்த்தால் 5.5 சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்தரை மீட்டர் உயரம்; அதுவும் பயமுறுத்தாது. இங்கேதான் முதல் ஏமாற்று. நேராகக் கலிபியேவுக்குப் போக முடியாது. முதலில் 12 கிலோமீட்டர் ஏறி 1,566 மீட்டரில் தெலெகிராஃப் கணவாயைத் தாண்ட வேண்டும். பிறகு ஏறியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வலுவார் ஊர் வரை கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் இறக்கம். அங்கிருந்து மறுபடி 18 கிலோமீட்டர் ஏற்றம். நடுவில் வரும் இறக்கம்தான் சராசரியைக் குறைத்துக் காட்டுகிறது. ஏறும் இடங்களில் உண்மையான சரிவு 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பிளான் லஷா என்ற இடத்தில் ஓடையைக் கடந்து சாலை திரும்பியதும் கடைசி 8 கிலோமீட்டர் 8 சதவீதத்துக்கு மேல் போகும். அதாவது, மிகக் கடினமான பகுதி கால் ஓய்ந்தபிறகுதான் வருகிறது. காற்றழுத்தமும் அந்த உயரத்தில் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு.

ஆகவே கிலோமீட்டரை விடுங்கள்; ஏறும் மீட்டரைக் கூட்டுங்கள். இந்தப் பாதையில் அது 2,100-ஐத் தொடும். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் ஏற்றம் மட்டுமே மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். சாலையோரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நட்டிருக்கும் கல்லில் உயரம், மீதித் தூரம், அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சரிவு எல்லாம் எழுதியிருக்கும். கைப்பேசியைவிட அந்தக் கல்லை நம்பி வேகத்தை அமைத்துக்கொள்வது மேல்.

கியர் விஷயத்தில் வீண் கௌரவம் பார்க்கிறவர்கள் அதிகம். கணக்கை மட்டும் சொல்கிறேன். முன்னால் உள்ள பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ளதில் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கையில் வேகம் மணிக்கு 10.7 கிலோமீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 84 கிலோ என்றால் 8 சதவீத ஏற்றத்தில் அதற்கு 210 வாட் அளவில் சக்தி வேண்டும். பின்னால் 34 பல் போட்டால் அதே சுற்றில் வேகம் 8.8 ஆகக் குறையும். தேவைப்படும் சக்தி 175 வாட் அளவில் நிற்கும். இரண்டாவதைப் பலரால் மூன்று மணி நேரம் தாங்க முடியும். முதலாவதைத் தாங்குகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது பருவம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், கலிபியே அதைவிட 5 மீட்டர்தான் கூடுதல். ஊட்டிக் குளிர் பழகியவர்களுக்கு இது போதுமே என்று தோன்றலாம். தோன்றக் கூடாது. கலிபியே இருப்பது வடக்கே 45 பாகை அட்சரேகையில். பனி மூடிய சாலையைச் சுத்தம் செய்து திறக்கவே பொதுவாக மே கடைசி, ஜூன் தொடக்கம் ஆகிவிடும். மே முதல் வாரத்துக்கு விமான டிக்கெட் எடுத்தால் அடிவாரத்தில் கணவாய் மூடியிருப்பதாகச் சொல்லும் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஜூலையிலும் முழு உத்தரவாதம் கிடையாது. 1996 ஜூலையில் பனியும் காற்றும் வந்ததால் டூர் தெ பிரான்ஸ் அன்றைய கட்டத்திலிருந்து இஸரான் என்ற இன்னொரு கணவாயையும் கலிபியேவையும் தூக்கிவிட்டு வெறும் 46 கிலோமீட்டர் ஓட்டியது. 2019 ஜூலையில் இஸரானின் மறுபக்கம் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை மூட, போட்டியை நடுவிலேயே நிறுத்தினார்கள். ஹெலிகாப்டரும் கார்களும் கூடவே போகும் பந்தயத்துக்கே அந்தக் கதி. கோடையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். காலை ஏழு மணிக்குள் மிதிக்கத் தொடங்கினால் நண்பகலுக்குள் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிடலாம்.

அப்புறம், நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இறக்கத்தைப் பற்றி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். சேன் மிஷெலில் 28 பாகை வெயிலில் கிளம்பினால் உச்சியில் 15, 16 பாகைதான் இருக்கும். ஏறும்போது அது சுகம். ஆனால் வியர்வையில் நனைந்த ஜெர்சியோடு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கத் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது. எடை குறைக்கிறேன் என்று ஜாக்கெட்டையும் முழு விரல் கையுறையையும் அறையில் விட்டு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1998 டூர் தெ பிரான்ஸில் குளிர் மழையில் கலிபியே ஏற்றத்தில் எல்லோரையும் உதறிவிட்டுத் தனியாகப் போன இத்தாலிய வீரர் மார்கோ பாந்தானி, மேலே வந்ததும் நின்று மழை ஜாக்கெட் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வினாடியும் முக்கியமான அன்றைக்கே அவர் நின்றார். அன்றைய கட்டத்தையும் ஜெயித்தார், கடைசியில் பந்தயத்தையும்.

பிரேக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. நம்மவர்களுக்கு இது முக்கியம். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் வலக்கைப் பிடிதான் பொதுவாக முன் பிரேக். பிரான்ஸில் வாடகைக்கு எடுக்கும் வண்டியில் பெரும்பாலும் இடக்கைப் பிடி முன் பிரேக்காக இருக்கும். பதற்றத்தில் கை பழக்கத்துக்குத்தான் போகும். கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊருக்குள் அரை மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். சாலையும் அங்கே வலப்பக்கம். வாகனங்களுக்கு நடுவே போகும்போது இது மறக்காது. உச்சியில் படம் எடுத்துவிட்டு ஆளில்லாத சாலையில் மறுபடி கிளம்பும்போதுதான் சைக்கிள் தானாக இடப்பக்கம் போகும். முதல் வளைவுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் கூட்டம் வந்துகொண்டிருக்கும்.

இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் ரிம் பிரேக்கானால் ரிம்மும், டிஸ்க் பிரேக்கானால் டிஸ்க்கும் ஆறவே நேரமில்லாமல் சூடேறிக்கொண்டே போகும். கார்பன் ரிம்மில் உரசும் பிரேக் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். கொண்டை ஊசி வளைவுக்கு முன், சைக்கிள் நேராக இருக்கும்போதே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள். சாலையின் நிலையையும் பாருங்கள். 2003 டூர் தெ பிரான்ஸில் காப் ஊருக்கு அருகே ஓர் இறக்கத்தில், வெயிலில் இளகிய தார்மேல் பின்சக்கரம் வழுக்கி யோசெபா பெலோகி என்ற வீரர் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அவர் அன்று ஒட்டுமொத்த வரிசையில் இரண்டாவது இடத்தில் இருந்தவர். இந்தப் பகுதியில் நடக்கும் மார்மோத் என்ற பெரிய சைக்கிள் நிகழ்ச்சியில் கிளாந்தோன் கணவாயின் இறக்கத்துக்கு நேரக் கணக்கே கிடையாது. யாரும் அங்கே அவசரப்படக் கூடாது என்பதற்காகத்தான்.

தண்ணீரும் சாப்பாடும்: வலுவாரிலேயே இரண்டு பாட்டிலையும் நிரப்பிவிடுங்கள். சின்ன ஊர்களில் மதியம் கடை சாத்துவார்கள், அதை நம்பிப் போகாதீர்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சுரங்கப்பாதை வரும், சைக்கிளுக்கு அனுமதியில்லை. மேலே சுற்றிப் போகும் கடைசிக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், அது 9 சதவீதத்துக்குக் குறையாது.

தெற்கே லொதாரே கணவாய் வழியாக பூர் துவாசான் என்ற ஊருக்கு இறங்குகிறவர்கள், 45 கிலோமீட்டர் அளவுக்கு இறக்கம்தானே, மிதிக்கவே வேண்டாம் என்று நினைப்பார்கள். பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று கீழிருந்து மேலே வீசும். எதிர்காற்றில் மிதித்துத்தான் ஆக வேண்டும். வழியில் சுரங்கங்களும் உண்டு. வெயிலிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே நுழைந்தால் சில வினாடிகள் எதுவுமே தெரியாது, பின்னால் வரும் லாரிக்கும் உங்களைத் தெரியாது. சுரங்கத்தின் வாய்க்கு முன்பே கண்ணாடியைக் கழற்றுங்கள், பின்விளக்கைக் காலையிலேயே எரியவிட்டுக் கிளம்புங்கள். பூர் துவாசானில் புகழ்பெற்ற ஆல்ப் துவெஸ் ஏற்றத்தின் 21 வளைவுகள் தொடங்கும் இடம் கண்ணெதிரே இருக்கும். முதல் இரண்டு கிலோமீட்டரே 10 சதவீதம். அதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.