வெளி ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் பொருளியல் விரிவுரையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகப் பொருளியல் விரிவுரையாளர் ஒருவருக்கு வெளி ஆய்வு நிதி கிடைக்காதபோது, ஆங்கிலம் போதவில்லை என்றோ, கொழும்பிலும் பேராதனையிலும் இருப்பவர்களுக்கே கொடுக்கிறார்கள் என்றோ காரணம் சொல்லப்படுவதைத் திருகோணமலையில் அடிக்கடி கேட்கிறேன். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும், அனுப்பப்படுவதற்கு முன்னர் நான் வாசித்துக் கருத்துச் சொன்ன முன்மொழிவுகளில் கண்ட குறைகளிற் பெரும்பாலானவை நாமே திருத்திக்கொள்ளக்கூடியவை. அவற்றில் கேள்வி ஒரு பக்கமும், தரவு பெறத் தெரிவுசெய்யும் மாதிரி இன்னொரு பக்கமும், பாதீடு வேறொரு பக்கமும் நிற்கும். மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை போலிருக்கும்.

தேசிய ஆராய்ச்சிப் பேரவையோ, கனடாவின் சர்வதேச அபிவிருத்தி ஆய்வு மையமோ, வேறெந்த நிறுவனமோ விண்ணப்பம் கோரும்போது அறிவித்தலில் உள்ள சொற்களைப் பார்த்துவிட்டு ஆய்வுக் கேள்வியை மாற்றுவது முதல் தவறு. கரைவலையின் உரிமையாளரான சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கும் தொழிலாளி, அந்த முற்பணத்தின் காரணமாகக் குறைந்த பங்குக்கு வேலை செய்கிறாரா என்பது நல்ல பொருளியற் கேள்வி. அறிவித்தலில் காலநிலை மாற்றம் என்று இருப்பதால் அக்கேள்வியின் தலைப்பில் மட்டும் காலநிலையைச் சேர்த்தால், மழைவீழ்ச்சித் தரவோ கடற்கொந்தளிப்பு நாட்களின் கணக்கோ உள்ளே இல்லை என்பதை மதிப்பீட்டாளர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுகொள்வார். கொந்தளிப்பால் கடலுக்குப் போக முடியாத நாட்கள் கூடும்போது முற்பணத் தேவை கூடுகிறதா என்று கேட்டிருந்தால், அதே ஆய்வு அந்த அறிவித்தலுக்கு உண்மையாகவே பொருந்தியிருக்கும். ஆகவே சொல்லை ஒட்டவைப்பதை விடுத்து, தமது கேள்விக்குள் அந்த விடயம் எங்கே இயல்பாக இருக்கிறது என்று தேட வேண்டும். இல்லையெனில் அந்த அறிவித்தலை விட்டுவிட வேண்டும்.

அதிகமான முன்மொழிவுகள் வீழ்வது மாதிரியின் அளவில்தான். எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். "500 வீட்டுத்துறைகளிடம் தரவு சேகரிக்கப்படும்" என்று எழுதுகிறார்கள். ஏன் 500 என்பதற்குக் காரணம் இராது. 20 கிராமங்களில் கிராமத்துக்கு 25 வீட்டுத்துறைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கிராமத்தவர் ஒரே கடையில் வாங்குகிறார்கள், ஒரே குளத்து நீரைப் பாய்ச்சுகிறார்கள், ஒரே சங்கத்தில் கடன் எடுக்கிறார்கள். அவர்களுடைய விடைகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையை அளக்கும் உட்கொத்து இணைபுக் குணகம் 0.1 ஆக இருந்தால், கிராமத்துக்குரிய எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதைக் குணகத்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டும்போது 3.4 வருகிறது. 500ஐ அதனால் வகுத்தால், நம்மிடம் இருப்பது ஏறத்தாழ 147 தனித்தனித் தகவல்களுக்குச் சமமான மாதிரி மட்டுமே. அதே 500ஐ 50 கிராமங்களில் பத்துப் பத்தாக எடுத்தால் அது ஏறத்தாழ 263 ஆக உயர்கிறது. கண்டறிய விரும்பும் விளைவின் அளவு பாதியாகக் குறைந்தால் தேவைப்படும் மாதிரி நான்கு மடங்காகிறது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை அரைப் பக்கத்தில் காட்டும் விண்ணப்பம், ஆசிரியர் தம் ஆய்வை ஏற்கெனவே சிந்தித்து முடித்தவர் என்ற நம்பிக்கையைத் தருகிறது. ஆனால் 50 கிராமங்கள் என்றால் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் வெருகலுக்கும் போகும் வாகனச் செலவும் நாட்களும் கூடும். ஆகையால் மாதிரியைத் தீர்மானிக்கும் நாளிலேயே பாதீட்டையும் எழுதத் தொடங்க வேண்டும்.

கால அட்டவணையில் நேரும் பிழை எங்கள் மாவட்டத்தில் உடனே கண்ணிற்படும். நவம்பரிலும் டிசம்பரிலும் களப்பணி என்று எழுதியிருப்பார்கள். அது வடகீழ்ப் பருவமழைக் காலம், வீதிகள் நீரில் மூழ்கும் காலம். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நடப்பதால், வயற்குடும்பத்தின் கையில் இருக்கும் பணம் ஜனவரியில் ஒரு விதமாகவும் ஏப்ரலில் வேறு விதமாகவும் இருக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருப்பார்கள்; மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்களும் அம்மாதங்களில் இங்கு வந்து தொழில் செய்வார்கள். ஒரே ஒரு முறை சென்று வருமானத்தைக் கேட்டுவிட்டு அதை ஆண்டு வருமானமாகப் பெருக்கும் திட்டத்தை, இந்தக் கரையைப் பார்த்தறியாத மதிப்பீட்டாளரும் சந்தேகிப்பார். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதத்தில் நீண்ட நேர்காணல்களை வைப்பதையும் தவிர்ப்பது நல்லது.

வினாக்கொத்துக்கான செலவும் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இம்மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளையும் உள்ளடக்கும் ஆய்வுக்குத் தமிழும் சிங்களமும் வேண்டும். மொழிபெயர்ப்புக்குப் பணம் ஒதுக்குபவர்கள்கூட முன்னோட்டச் சோதனைக்கு ஒதுக்குவதில்லை. கடன் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் ஒரு தாய், நகை அடகில் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார். அவருடைய மனதில் அடகு கடனாகாது. சீட்டும் அப்படித்தான். 30 வீடுகளில் முன்கூட்டிச் சோதித்திருந்தால் தெரிய வந்திருக்கும் இத்தகைய பிழை, 500 வீடுகளின் தரவையும் கெடுத்துவிடும்.

பாதீட்டைப் பற்றிப் பேசும்போது 2022ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. ரூபாயில் நிதி பெற்றவர்களின் எரிபொருட் செலவு அவர்கள் கண்முன்னே வளர்ந்தது. மறுபுறம், டொலரில் நிதி பெற்று 360 என்ற வீதத்தில் திட்டமிட்டவர்களுக்கு, பின்னர் ரூபாய் 300ஐ நெருங்கியபோது 10,000 டொலருக்கு ஆறு இலட்சம் ரூபாய் குறைந்தது. நாணய மாற்று வீதத்தைக் கற்பிக்கும் நாம், எந்த வீதத்தைக் கருதினோம், அது மாறினால் எந்தச் செயற்பாட்டைக் குறைப்போம் என்று இரண்டு வரிகளாவது எழுதியிருக்க வேண்டும்.

மேந்தலைச் செலவை, அதாவது ஆய்வுக்காகப் பல்கலைக்கழகம் மறைமுகமாகச் சுமக்கும் பொதுச் செலவை, அனுமதிக்கும் நிதி நிறுவனங்களிடமும் அதைக் கேட்காமல் விடுவது இன்னொரு இழப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பா, தகுதியுள்ள நேரடிச் செலவின் மீது 25 சதவீதம் தருகிறது. அமெரிக்கக் கூட்டரசு நிதியில், தனியாக வீதம் பேசி முடிக்காத நிறுவனங்களுக்கான பொது வீதம் 2024 ஒக்ரோபரில் 10இலிருந்து 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இத்தொகையைக் கேட்காவிட்டால் மின்சாரம், கணக்காய்வு, அலுவலர் நேரம் என அனைத்தையும் பீடமே சுமக்கும். அடுத்த முறை கையொப்பம் கேட்டுப் போகும்போது நிதியாளர் தயங்குவதில் வியப்பில்லை.

கையொப்பம் என்றதும் தாமதத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நிதி ஒப்பந்தங்களைச் செய்வது பல்கலைக்கழகம். விரிவுரையாளர் தனியாளாகச் செய்ய முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இருப்பவரின் கோப்பு, வந்தாறுமூலையிலுள்ள தலைமை நிர்வாகத்துக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். அமெரிக்கக் கூட்டரசு நிதிக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் 2022 ஏப்ரலிலிருந்து புதிய அடையாள எண் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கே வாரங்கள் ஆகலாம். அறிவித்தல் வந்த பிறகு அதைத் தொடங்குபவருக்குக் காலம் போதாது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் அவ்வாறே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னர், பெயரும் தொலைபேசி எண்ணும் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரே நிதி வழங்குநரை நம்பி ஆய்வு வாழ்வை அமைப்பதும் ஆபத்தானது. பிரித்தானியா 2021இல் வெளிநாட்டு உதவியைக் குறைத்தபோது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கூட்டாய்வுகள் பாதியில் சுருக்கப்பட்டன. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோதும் அதுவே நடந்தது. முதல் ஆண்டின் வேலையிலிருந்தே ஒரு கட்டுரையாவது எழுதக்கூடியவாறு ஆய்வைப் பகுதிகளாகப் பிரித்து வைத்தவர்களிடம் ஏதாவது மிஞ்சியது.

நிராகரிப்புக் கடிதத்துடன் வரும் மதிப்பீட்டாளர் குறிப்புகளை வாசிக்காமல் மூடிவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அறிமுகமற்ற ஒரு பொருளியலாளர் சில மணி நேரம் செலவிட்டு, விலை வாங்காமல் தந்த ஆலோசனை அது. ஒரு வாரம் கழித்து அதைத் திறந்து, ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே எதை மாற்றப் போகிறோம், எதை ஏன் மாற்றவில்லை என்று எழுதிவைத்தால், அந்தத் தாளே அடுத்த விண்ணப்பத்தின் முதல் வரைவாகிவிடும்.