எண்ணெய் தீரும் வாரத்தில் ஒரு மெசேஜ்: சின்னக் கடைக்கான மொபைல் மார்க்கெட்டிங்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு எண்ணெய்க் கடை. வாகை மரச் செக்கு இரண்டு ஓடுகிறது. கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். போன வருடம் திருப்பூரிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார். "ஏனுங் தம்பி, எண்ணெய் தீர்ந்து நாலு நாளாச்சு. இந்த மாசம் நீங்க மெசேஜே போடலீங்களே, கடை இருக்குதுங்களா?" என்றார். கடையிலிருந்து மெசேஜ் வரவில்லையே என்று ஒருவர் தேடிக் கேட்கிறார். இனிமேல் மொபைலில் வியாபாரம் இப்படித்தான் நடக்கும் என்று நம்புகிறேன். அதற்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். மாதாமாதம் தீரும் பொருள் எதை விற்றாலும் இது உதவும்.

தொடக்கத்தில் நானும் காசு கொடுத்து நம்பர் பட்டியல் வாங்கி எஸ்எம்எஸ் அனுப்பியவன்தான். பத்தாயிரம் நம்பர் என்று சொல்லி விற்றார்கள். வந்த அழைப்பு மூன்று. அதில் இரண்டு பேர் கேட்டது, "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்பதுதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது அந்தக் கேள்வியைச் சட்டமே கேட்கிறது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவர் சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். எஸ்எம்எஸ்ஸிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிடியை இறுக்கிவிட்டது. டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கடையையும், அனுப்பும் வாசகத்தையும் பதிவு செய்யாமல் மொத்தமாக அனுப்ப முடியாது. விளம்பரம் என்றால் அனுப்புநர் பெயரின் கடைசியில் 'பி' என்ற ஆங்கில எழுத்து வந்துவிடும். திறக்கும் முன்பே ஆளுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் முதல் வேலை, பட்டியலை நீங்களே சேர்ப்பது. கடைக்கென்று தனி சிம் வாங்கி, அதில் கடைகளுக்கான வாட்ஸ்அப் செயலியான வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், அது இலவசம். நம்பருக்கு முன்னால் 'wa.me/91' என்று சேர்த்தால் அதுவே உங்கள் கடைக்கான லிங்க். அதைக் கியூஆர் கோடாக அச்சடித்துக் கல்லாப் பக்கத்தில் ஒட்டுங்கள், கேன் லேபிளிலும் போடுங்கள்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதியான பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போய்ச் சேரும். அதனால் பில் போடும்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்: "புதுசா ஆட்டும்போது சொல்லட்டுங்களா? அப்படின்னா நம்ம நம்பரை 'செக்கு எண்ணெய்'னு சேவ் பண்ணிக்கங்க." வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். சரி என்றவரின் பெயர், தேதி, வாங்கிய அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுவேன். தினமும் நாலைந்து பேர் சேர்ந்தால் போதும். பதிவு செய்யாத மென்பொருளை வைத்து ஆயிரக்கணக்கில் அனுப்பித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது வாட்ஸ்அப் விதிகளுக்கு எதிரானது, நம்பரே முடங்கலாம்.

அடுத்தது லேபிள், அதாவது வாட்ஸ்அப் பிசினஸில் வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்கப் போடும் அடையாளம். 'புதியவர்', 'பழையவர்' என்றெல்லாம் நான் பிரிக்கவில்லை. எண்ணெய் தீரும் வாரத்தை வைத்து நாலு லேபிள் போட்டேன்: முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்று, நாலு. ஐந்து லிட்டர் கேன் ஒரு வீட்டில் ஒரு மாதத்தில் தீரும், இன்னொரு வீட்டில் ஒன்றரை மாதம் வரும். இரண்டு தடவை வாங்கிய தேதி நோட்டில் இருந்தால் மூன்றாவது தேதியைக் கணக்குப் போட்டுவிடலாம். தீருவதற்கு மூன்று நாள் முன்பு, அந்த வாரத்துக்காரர்களுக்கு மட்டும் மெசேஜ். மற்றவர்களுக்குக் கிடையாது. திருப்பூர் அக்காவை நான் தப்பான வாரத்தில் போட்டிருந்தேன். அதனால்தான் அந்தப் போன் வந்தது.

என்ன எழுதுவது? தள்ளுபடி, படபடக்கும் ரோஜாப்பூ, 'இனிய காலை வணக்கம்' எதுவும் வேண்டாம். "நேற்று எள் ஆட்டினோம், கருப்பட்டி சேர்த்தது. வெயிலில் தெளிய வைத்திருக்கிறோம், வியாழன் முதல் கிடைக்கும்." இதோடு செக்கு சுற்றுவதை நீங்களே எடுத்த அரை நிமிட வீடியோ. அடியில் ஏன் கசடு தங்குகிறது என்று ஒரு தடவை வீடியோவில் காட்டினேன். அதற்குப் பிறகு கசடு பற்றி யாரும் குறை சொல்லி வருவதில்லை. கடைசி வரியில், "மெசேஜ் வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். அனுப்பியவரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஒரு கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழில் 70 மட்டுமே. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'எண்ணெய்' நமக்கு நாலெழுத்து, அங்கே ஏழு. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ்ஸாகப் போகும், காசும் இரண்டு மடங்கு. அதற்காகத் தமிழை விடச் சொல்லவில்லை, சுருக்கமாக எழுதச் சொல்கிறேன்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம், கட்டாயம் செய்யுங்கள். விடுமுறை நாளை மாற்ற மறக்காதீர்கள். பொங்கலன்று மேப்பைப் பார்த்து வந்து பூட்டைக் கண்டவர் திரும்ப வரமாட்டார்.

ரீல்ஸ் போடலாம், விளம்பரமும் கொடுக்கலாம். ஆனால் அங்கே இருக்கும் கூட்டம் உங்களுடையது அல்ல. 2020 ஜூன் மாதம் டிக்டாக் தடையானபோது, அதை மட்டும் நம்பி விற்றவர்களுக்கு ஒரே இரவில் வாடிக்கையாளரோடு இருந்த தொடர்பு அறுந்துபோனது. வாட்ஸ்அப்பிலும், பெரிய கடைகள் தங்கள் மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைத்து அனுப்பும் ஏபிஐ வழியில், 2025 ஜூலை முதல் ஒவ்வொரு விளம்பர மெசேஜுக்கும் தனிக் கட்டணம். அனுப்புவதற்குக் காசு கூடக் கூட, யாருக்கு அனுப்பக் கூடாது என்று தெரிந்த கடைதான் நிற்கும். மாதம் ஒருமுறை லேபிள்களையும், பெயர், தேதி, அளவையும் வாட்ஸ்அப்புக்கு வெளியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அது நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. ராத்திரி கல்லாவோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறேன்.