உங்கள் லினக்ஸுக்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எனப் பல வகைகள் உண்டு. போன வாரம் அவர்களுக்குள் ஒரே வாக்குவாதம்: உபுண்டு உசத்தியா, ஃபெடோரா உசத்தியா? இரண்டு மடிக்கணினிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளே பார்க்கச் சொன்னேன். அதையே நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். எதுவும் கெட்டுப்போகாது.

முதல் படி: கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறங்கள். மரத்தைக் குறிக்கும் 'ட்ரீ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் பி ('பென்' என்ற சொல்லின் முதல் எழுத்து), எஸ் இரண்டையும் ஒட்டி, எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் தட்டி, எண்டர் அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் படம் கிளை கிளையாக விரியும். இடது ஓரத்தில் வேராக இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முதலில் தொடங்கிவைக்கும் புரோகிராம் அதுதான். அதன் எண் 1.

உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றிலும் அங்கே சிஸ்டம்டி இருக்கும். லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் 2010இல் தொடங்கியது இது. 2011இல் ஃபெடோரா 15 ஏற்றுக்கொண்டது. 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் வந்து சேர்ந்தன. கணினியை எழுப்புவதோடு அது நிற்கவில்லை. பதிவுகளைச் சேமிப்பது, பயனர் நுழைவைக் கவனிப்பது, செருகும் சாதனங்களை அடையாளம் காண்பது என ஒவ்வொரு வேலையாக அதன் கைக்கு வந்தது. இதை ஏற்காத டெபியன்காரர்கள் சிலர் பிரிந்துபோய் டெவுவான் என்ற தனி இயங்குதளத்தையே உருவாக்கினார்கள்.

நம் மாவட்டத்து வீராணத்தை நினைத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் மதகின் பெயர் வேறு, வாய்க்காலின் பெயர் வேறு, ஏரி ஒன்றுதான். உபுண்டு, ஃபெடோரா என்று பெயர் வேறானாலும் அடியில் சிஸ்டம்டி இருப்பதும் அப்படித்தான். சென்னைக்குக் குடிநீரும் அங்கிருந்து போகிறது.

இரண்டாம் படி: எல், அடுத்து கதவைக் குறிக்கும் 'டோர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து இரண்டு தடவை, ஓர் இடைவெளி, பிறகு வலப்பக்கம் சாயும் சாய்கோடு, பி ('பால்' என்ற பந்தின் முதல் எழுத்து), ஐ, என், மறுபடி அதே சாய்கோடு, எல், எஸ். எல்லாம் சிறிய எழுத்து. கோப்புகளைப் பட்டியலிடும் மிகச் சிறிய புரோகிராம் எந்தெந்த நூலகங்களை (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகளை) நம்பியிருக்கிறது என்பது வரிவரியாக வரும். அவற்றில் சி என்ற நிரல்மொழிக்கான அடிப்படை நூலகம் உண்டு. உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் அது குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஜிலிப்சி. ஆல்பைன் லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவர் கணினியிலும் தட்டிப் பாருங்கள்: அங்கே மஸ்ல் என்ற வேறு நூலகம் வரும். வேரில் சிஸ்டம்டியும் இருக்காது.

சிஸ்டம்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வந்த பிறகு சர்வர்களைப் பராமரிப்பது எனக்கு உண்மையிலேயே எளிதானது. ஆனால் ஏரியில் நஞ்சு கலந்தால் எல்லா வாய்க்காலிலும் அதுதானே ஓடும்?

2024 மார்ச்சில் அப்படித்தான் நடக்கப் பார்த்தது. எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தார்கள். குறி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச். அதற்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ஆனால் டெபியன், ஃபெடோரா போன்றவை எஸ்எஸ்எச்சைச் சிஸ்டம்டியின் நூலகத்தோடு இணைத்திருந்தன; அந்த நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தை இழுத்து வந்தது. நுழைவதற்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். சோதனைப் பதிப்புகளோடு அது தடுக்கப்பட்டது. அந்த அரை நொடியை அலட்சியம் செய்யாத மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மூன்றாம் படி: எக்ஸ், இசட் இரண்டையும் சிறிய எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டு, ஒரு இடைக்கோடும் பெரிய வி எழுத்தும் சேருங்கள். பதிப்பு எண் வரும். அந்த இரண்டு எண்களில் ஒன்று தெரிந்தால், வேறு வேலை பார்க்காமல் உடனே கணினியைப் புதுப்பியுங்கள்.