மூன்றாவது பாஸில் பந்து பறிபோனால்

எங்கள் கால்பந்து அணியில் மூன்றாவது பாஸிலேயே பந்து பறிபோகும். கோளாறு காலில் இல்லை. பந்து வருமுன் யாரும் தோளுக்குப் பின்னால் பார்ப்பதில்லை. அதற்கு ரோண்டோ, அதாவது நடுவில் நிற்பவரிடம் சிக்காமல் பாஸ் கொடுத்துப் பழகும் பயிற்சி: 10 மீட்டர் சதுரம், பக்கத்துக்கு ஒருவராக நால்வர், நடுவில் பறிப்பவர் ஒருவர். ஆளுக்கு இரண்டே தொடுதல். பறிப்பவரை 90 விநாடிக்கொருமுறை மாற்றினோம், களைத்தவரை ஏமாற்றுவது பயிற்சியே இல்லை.

பந்தைப் பறிப்பவருக்குத் தூரமாக இருக்கும் காலில் வாங்க வேண்டும், உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திறந்து. பாஸ் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர்தான் பெரிய தலைவலி. இரண்டு மூன்று எட்டு வைத்து நகர்ந்தால்தான் பறிப்பவரின் மறைப்பிலிருந்து விடுபட்டு மறுபடி வழி கிடைக்கும்.

எங்களுடையது மேடுபள்ளமான செம்மண் தரை. பந்து துள்ளியதால் ஒற்றைத் தொடுதலில் பாஸ் கொடுப்பது சரிவரவில்லை. சதுரத்தை 12 மீட்டராக்கி, பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். தொடர்ந்து எட்டு பாஸ் வந்த பிறகே ஐந்துக்கு இரண்டு, அதாவது சுற்றி ஐவர், நடுவில் பறிப்பவர் இருவர்.