அடுக்களை நடுவில் ஒரு மேடை: கல் வெட்டுவதற்கு முன் அட்டைப்பெட்டி அடுக்குங்கள்

கடையில் ‘கிச்சன் ஐலண்ட்’ என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது நடுமேடை. சாப்பாட்டு அறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்த பிறகு (சுமை தாங்கும் சுவரா என்று இன்ஜினியரைக் கேட்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள்) நடுவில் வெறும் தரை கிடந்தது. அதில் மேடை போட்டேன், ஒரு கல்லை வீணடித்தேன். நீங்கள் வீணடிக்க வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு.

1. இடம் இருக்கிறதா?

சுவரோரச் சமையல் மேடை கல் விளிம்போடு 25 இன்ச். நடக்க 36. நடுமேடை குறைந்தது 26. மறுபக்கம் நடக்க மறுபடி 36. கூட்டினால் 123, அதாவது 10 அடி 3 இன்ச். எதிர்ச்சுவரில் பிரிட்ஜ் இருந்தால் அதற்கு இன்னொரு 30 சேர்த்து 12 அடி 9 இன்ச். இரண்டு பேர் சேர்ந்து சமைக்கும் வீடு என்றால் நடைபாதைக்கு 42 வையுங்கள். இவ்வளவு அகலம் இல்லையா? மேடை ஆசையை விட்டுவிட்டு, பூட்டு வைத்த சக்கரம் உள்ள டிராலி மேசை ஒன்று வாங்குங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

அளக்க 5 மீட்டர் இரும்பு டேப் போதும். லேசர் மீட்டர் காட்டும் எண் அழகாக இருக்கும், ஆனால் சுவரில் டைல்ஸ் முடியும் இடத்தில் துருத்தும் விளிம்பை அது சொல்லாது.

2. அட்டைப்பெட்டி

நான் சறுக்கிய இடம் இதுதான். எங்கள் அடுக்களை 13 அடி அகலம், 156 இன்ச். சுவரோர மேடைக்கு 25, பிரிட்ஜுக்கு 30 போக மீதி 101. அதில் 30 இன்ச் அகலத்தில் நடுமேடையின் பெட்டி (கல்லைத் தாங்கும் பிளைவுட் அலமாரி). அடுப்புப் பக்கம் 36, பிரிட்ஜ் பக்கம் 35. காகிதத்தில் கச்சிதம். ஆசாரியும் தலையாட்டினார்.

இருவருமே பெட்டியைத்தான் அளந்தோம், கல்லை அளக்கவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார, பிரிட்ஜ் பக்கம் கல்லை 10 இன்ச் வெளியே நீட்டச் சொன்னது நானேதான். கல் உட்கார்ந்ததும் அந்தப் பாதை 25 இன்ச். பிரிட்ஜ் கதவு 28. பாதியில் ‘டொக்’ என்று கல்லில் இடித்து நின்றது.

“கொஞ்சம் பிரிட்ஜைத் தள்ளி வெச்சுக்கலாங்க்கா” என்றார் ஆசாரி. தள்ளி வைக்க அங்கே சுவர்தான் இருந்தது.

கடைசியில் 5 அடி நீளப் பெட்டியை 4 அடியாக வெட்டி, கல்லின் நீட்டலைக் குறுகிய முனைக்கு மாற்றினோம். அகலத்தில் அறுத்து எடுத்த கல்துண்டு இப்போது துளசி மாடத்துக்குக் கீழே கிடக்கிறது. பிரிட்ஜ் பக்கம் கல் விளிம்பு போக இப்போது 34. கதவு முழுதாகத் திறக்கிறது, திறப்பவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஆகவே: தரையில் சாக்பீஸ் கோடு போதாது. கோட்டை மிதித்துக்கொண்டு நடந்துவிடுவோம். பழைய அட்டைப்பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்குங்கள், மேலே கல்லின் முழு அளவுக்கு ஓர் அட்டை வையுங்கள், ஒரு வாரம் அப்படியே சமையுங்கள். பிரிட்ஜ் காய்கறித் தட்டை இழுத்துப் பாருங்கள். பல பிரிட்ஜில் கதவு 90 டிகிரி தாண்டினால்தான் அது வெளியே வரும். அரிவாள்மணையோடு தரையில் உட்காருகிறவர் வீட்டில் இருந்தால் அவரையும் உட்காரச் சொல்லுங்கள். அம்மா வந்தால் பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்வார் என்பது எனக்கு மேடை போட்ட பிறகுதான் உறைத்தது.

3. உயரம்

செருப்பில்லாமல் நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து 5, 6 இன்ச் கழியுங்கள். எனக்கு 39, அதனால் மேடை 33. கல்லின் முக்கால் இன்ச்சும் சேர்ந்துதான் 33 என்று ஆசாரியிடம் இரண்டு முறை சொல்லுங்கள்.

4. கரண்ட்

டைல்ஸ் பதிக்கும் முன்பே முடிவெடுத்தால் பாதி வேலை மிச்சம். பழைய தரை என்றால் பக்கத்துச் சுவரிலிருந்து நேர்கோட்டில், டைல்ஸ் இணைப்பை ஒட்டி வெட்டி பைப் புதைக்கணும். மாடி வீடா? டைல்ஸுக்குக் கீழே உள்ள கலவையோடு நிறுத்தச் சொல்லுங்கள், கான்கிரீட் கம்பியைத் தொடக் கூடாது.

மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சின்ன பிளக் போதும். இண்டக்‌ஷன் 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனி எம்சிபியும் (லோடு அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும். பிளக்கை மேடைமேல் வைக்காதீர்கள், கிரைண்டர் கழுவும் தண்ணீர் நேராக அதில்தான் போகும். பக்கவாட்டில், கல்லுக்குச் சற்றுக் கீழே.

கேஸ் அடுப்பை நடுவுக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, தரைக்கடியில் புதைக்கவும் கூடாது. மேலே சீலிங் ஃபேன் வேறு.

5. பெட்டியும் கல்லும்

ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். மல்டிவுட் (பிவிசி பலகை) தண்ணீருக்கு அசராது, ஆனால் கனமான டிராயரின் ஸ்க்ரூ நாளடைவில் தளர்கிறது. கதவு வேண்டாம், எல்லாம் டிராயராகவே போடுங்கள். குனிந்து தேடுகிற வேலை இல்லை.

கல் கிரானைட்தான். மார்பிளில் எலுமிச்சையும் புளியும் தழும்பு போட்டுவிடும். குவார்ட்ஸில் சூடான இட்லிப் பானையை நேராக இறக்க முடியாது. 5 அடிக்கு இரண்டரை அடி, 20 மி.மீ. கல் 60 கிலோவைத் தாண்டும், தூக்க நாலு பேரைச் சொல்லி வையுங்கள்.

பின்சேர்க்கை: ஸ்டூல் வாங்கி முட்டி இடிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கடையில் ‘பார் ஸ்டூல்’ என்று விற்பது 30 இன்ச், அது 42 இன்ச் மேடைக்கானது. மேடை உயரத்தில் 10 முதல் 12 இன்ச் கழித்துப் பாருங்கள். 33 இன்ச் மேடைக்கு 22 இன்ச் ஸ்டூல். ரெடிமேடாக எனக்குக் கிடைக்கவில்லை, வெல்டிங் பட்டறையில் சொல்லி இரண்டு செய்தேன்.